பழைய பெட்ரோல் கிடங்கு இடத்தில் அபார்ட்மென்ட்... மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கா? கண்டுபிடிப்பது எப்படி?

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்ததும் மக்கள் அதிர்ந்து போனார்கள். பூமிக்கு அடியில் போன எண்ணெய் பைப்லைனில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். குழாய் கசிந்ததுக்கே இந்த நிலை என்றால், பல வருடம் எண்ணெய் டேங்குகள் நின்ற இடத்தில் வீடு கட்டினால்?

டேங்கை எடுத்துட்டா போதாதா?

போதாது. துருப்பிடித்த டேங்கின் அடியில் கசிந்தது, லாரியில் ஏற்றும்போது சிந்தியது எல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. அதனால் நிலத்தடி நீருக்கு மேல் படலமாக மிதக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டத்தோடு ஏறும், கோடையில் இறங்கும். போகிற வழியெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மேலே வாடை இல்லை என்பதால் கீழே சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

என்ன ஆபத்து?

பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு. அதாவது, ஒரு லட்சம் லிட்டருக்கு ஒரு கிராம்! தண்ணீரைக் குடிக்காவிட்டாலும், தரையில் உள்ள விரிசல் வழியாக ஆவி வீட்டுக்குள் வரலாம்.

எப்படி கண்டுபிடிப்பாங்க?

1. பழைய வரைபடம்: டேங்க், பைப், லாரி நிரப்பும் இடம் எங்கெங்கே இருந்தன என்று முதலில் பார்ப்பார்கள்.

2. மண் மாதிரி: அந்த இடங்களில் துளையிட்டு, வெவ்வேறு ஆழத்தில் மண் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். இந்தியாவில் 2000 வரை ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையில் இருந்ததால், ஈயத்தையும் சோதிக்க வேண்டும்.

3. கண்காணிப்புக் கிணறு: குறைந்தது 3 கிணறு தேவை. அப்போதுதான் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அடுத்த பாதிப்பு யார் வீட்டு போர்வெல்லுக்கு என்பது தெரியும்.

4. மண் வாயு: மண்ணுக்குள் குழாய் இறக்கி ஆவியை அளப்பார்கள்.

செலவு யாருக்கு?

மாசடைந்த இடங்களைக் கையாள மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. இதன்படி, சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் அடையாளம் காண வேண்டும். முதற்கட்ட ஆய்வுக்கு 90 நாள் கெடு. மாசுக்குக் காரணமானவர் யார் என்று உறுதியானால், சுத்தம் செய்யும் செலவும் அவருடையதுதான்.

வீடு வாங்குறவங்க என்ன கேட்கணும்?

இடம் முன்பு என்னவாக இருந்தது என்று விசாரியுங்கள். எண்ணெய் கிடங்கு என்றால், மண், நிலத்தடி நீர், மண் வாயு மூன்றின் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். டேங்க் நின்ற இடத்திலேயே மாதிரி எடுத்தார்களா என்றும் பாருங்கள். காலி மூலையில் எடுத்த மண் எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும்! கட்டடம் எழும்புவதற்கு முன் என்றால் கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம். வீடு கட்டிக் குடியேறிய பிறகு அது அவ்வளவு சுலபம் இல்லை.