மடியில் இருக்கும் மடக்குக் கத்தி

வேளாண்மைக் கருவி என்றவுடன் கலப்பை, விசைத் தெளிப்பான், பவர் டில்லர் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு விவசாயி விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அதிகத் தடவை கையில் எடுப்பது அவர் மடியில் இருக்கும் சிறு கத்தியைத்தான். உர மூட்டையின் தையலைப் பிரிக்கவும், வாழைச் சருகை அறுக்கவும், சொட்டுநீர்க் குழாயைத் துண்டிக்கவும், வெற்றிலைக்குப் பாக்குச் சீவவும் அதுவே உதவுகிறது.

ஒரு நாற்றங்கால் பயிற்சியில் கலந்துகொண்ட விவசாயிகளிடம், மடியிலும் சட்டைப்பையிலும் உள்ள கருவிகளை மேசைமேல் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். கொல்லுப்பட்டறையில் அடித்த பேனாக்கத்தி, டெஸ்டர், பாதி தேய்ந்த ஒட்டுக்கத்தி, வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கி வந்த குறடு வைத்த மடக்குக் கருவி எனப் பலவும் வந்தன. அதன் பிறகு அரை மணி நேரம் பாடம் நடக்கவில்லை. "அண்ணே, உங்க கத்தியால கம்பி முறுக்க முடியுமா?" என்று ஓர் இளைஞர் கேட்க, "உன் குறட்டை வெச்சு ஒரு மொட்டு எடுத்துக் காட்டு தம்பி, பார்ப்போம்" என்றார் பெரியவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

மடக்குக் கருவிகளை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதல் வகை, ஒரே அலகு உள்ள கத்தி. பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அலகு தானே மடங்கி விரலை வெட்டாதபடி அதில் ஒரு சுழல் வளையம் 1955-ல் சேர்க்கப்பட்டது.

இரண்டாம் வகை, சுவிட்சர்லாந்து நாட்டுப் பலநோக்குக் கத்தி. கார்ல் எல்செனர் என்ற கத்திக் கைவினைஞர் 1891-ல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்திகளை வழங்கினார். அலகு, துளையூசி, தகர டின் திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் அதில் இருந்தன. திருப்புளி வைத்ததற்குக் காரணம், வீரர்கள் துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததே. அவருடைய நிறுவனமே இன்றைய விக்டோரினாக்ஸ். விக்டோரியா என்ற அவருடைய தாயாரின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல் சேர்ந்து அப்பெயர் உண்டாயிற்று. இந்நிறுவனம் 'விவசாயி' என்னும் பொருள்படும் பெயரிலேயே ஒரு கத்தியைச் செய்கிறது. அதில் ஒரு சிறு ரம்பமும் உண்டு. கட்டை விரல் பருமனுள்ள கிளையை அறுக்க அது போதும்.

மூன்றாம் வகை, குறடு வைத்தது. அமெரிக்கப் பொறியாளர் டிம் லெதர்மேன் 1975-ல் மனைவியுடன் பழைய பியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். வழியெல்லாம் கார் பழுதாயிற்று. சட்டைப்பையில் கத்தி இருந்தும், பிடித்துத் திருக ஒரு குறடு இல்லையே என்று ஏங்கியதன் விளைவே இக்கருவி. 1980-ல் காப்புரிமை கிடைத்தது. 1983-ல்தான் விற்பனைக்கு வந்தது.

இவற்றில் எது சிறந்தது என்றால், கையில் உள்ள வேலையைப் பொறுத்தது என்பதே என் கருத்து. கம்பி வேலி, தெளிப்பான் நாசில், பம்புசெட்டின் நட்டு ஆகியவற்றோடு நாள்தோறும் போராடுபவருக்குக் குறடு வகை ஏற்றது. ஆனால் இது 150 முதல் 250 கிராம் வரை எடை இருக்கும். வேட்டி மடிப்பில் நிற்காது; இடுப்புவாரில் உறை போட்டே வைக்க வேண்டும். சுவிஸ் கத்திகளில் பல 100 கிராமுக்கும் குறைவே. எனினும் சாதாரண வகைகளில் அலகைப் பூட்டும் அமைப்பு இல்லை. நுனியால் குத்தி அழுத்தும்போது அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். குத்துவதற்குத் துளையூசியை விரித்துப் பயன்படுத்தினாலும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

ஒட்டுக் கட்டுவதற்கு மட்டும் இம்மூன்றும் உதவா. காரணம் அலகின் தீட்டலில் உள்ளது. பேனாக்கத்தி இருபுறமும் சரிவாகத் தீட்டப்பட்டது. அதனால் வெட்டு சற்றுக் குழிவாக விழும். ஒட்டுக்கத்தி உளியைப் போல் ஒருபுறம் மட்டும் சரிவானது, மறுபுறம் தட்டையானது. வெட்டு கண்ணாடி போல் சமமாக விழும். மாவில் இளந்தண்டு ஒட்டு கட்டும்போது, ஒட்டுக்குச்சியின் ஆப்பு வடிவ வெட்டும் வேர்ச்செடியின் பிளவும் இடைவெளியின்றிப் பொருந்தி, பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் என்னும் வளர்திசு ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். ரோஜாவில் மொட்டுக் கட்டும் கத்தியில், பட்டையைக் கிழிக்காமல் நெம்பித் தூக்க ஒரு மழுங்கிய பிளாஸ்டிக் அல்லது எலும்புத் தகடும் இருக்கும். இதுவும் ஒரு பலநோக்குக் கருவிதானே! இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடப்புறம் சரிவு உள்ள ஒட்டுக்கத்தியைக் கேட்டு வாங்க வேண்டும். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்வது அரிது.

இனி உயிரோடு தொடர்புடைய இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்துப் பொட்டலத்தின் வாயை அறுத்த கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு, அதே கத்தியால் மாங்காயோ பாக்கோ நறுக்கித் தின்பதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். துடைத்தால் அலகு பளபளக்கும். மடக்கு இடுக்கில் புகுந்த மருந்து போகாது. பலநோக்குக் கருவியில் இடுக்குகள் அதிகம். ஆகவே மருந்துக்கென்று இரண்டு ரூபாய்ப் பிளேடு ஒன்றையோ பழைய கத்தரிக்கோல் ஒன்றையோ மருந்து வைக்கும் பெட்டியிலேயே கட்டி வைத்துவிடுங்கள். தின்பண்டம் நறுக்கும் கத்தி மருந்தின் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது மின்சாரம். மடக்குக் குறட்டின் கைப்பிடி பெரும்பாலும் வெற்று எஃகு. மின்பணியாளரின் கட்டிங் பிளையரில் உள்ள காப்பு உறை இதில் கிடையாது. பம்புசெட்டின் மும்முனை மின்சாரம் 415 வோல்ட். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியில் இதை நுழைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகும் பியூஸ் கட்டைகளைக் கழற்றி உங்கள் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வேறொருவர் அறியாமல் போட்டுவிடாதிருக்க இதுவே வழி. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கத்தியால் செடிக்கும் நோய் பரவும். எலுமிச்சை வகைகளில் எக்சோகார்ட்டிஸ் என்னும் வைராய்டு நோய் வெட்டுக்கருவி மூலமே மரத்துக்கு மரம் தாவும். ரங்கபூர் எலுமிச்சை வேர்ச்செடியில் கட்டிய ஒட்டுகளில் பட்டை உரிந்து மரம் குட்டையாகிவிடும். கத்தியைத் தீயில் காட்டினாலும் சாராயத்தில் துடைத்தாலும் இந்த வைராய்டு அழிவதில்லை. 5 சத சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்கு 4 பங்கு நீர் கலந்து, ஒவ்வொரு தாய்மரத்துக்கும் இடையில் கத்தியை அதில் நனைக்க வேண்டும். கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரிப்பது நலம். இது எஃகை அரிக்கும். ஆகவே வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவுங்கள்.

தீட்டும்போது பேனாக்கத்தியை இருபுறமும் சமமாகத் தீட்டலாம். ஒட்டுக்கத்தியைச் சரிவுப் பக்கம் மட்டுமே தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லோடு படிய வைத்து ஒரு முறை இழுத்துப் பிசிறை நீக்கினால் போதும். விசைச் சாணையில் கொடுத்தால் அலகு சூடேறிப் பதம் இழந்துவிடும். மடக்கு ஆணியில் மாதம் ஒருமுறை தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். பிடியில் சிவப்புத் துணிநாடா ஒன்றைக் கட்டி வைத்தால், வரப்பில் விழுந்த கத்தி சுலபமாகக் கண்ணில் படும்.