பக்கத்து மனையில் பள்ளம்... நம் கிணற்றில் சரிவு! இழப்பீடு கேட்பது எப்படி?

'ஆவடி அருகே எங்களுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம் இருக்கிறது. கீரையும் மல்லிகையும் போட்டிருக்கிறோம். நான்கு கறவை மாடுகள் உண்டு. எங்கள் வரப்பை ஒட்டிய மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட ஆழமாகப் பள்ளம் எடுத்தார்கள். பெரிய மழை பெய்த மறுநாள், எங்கள் கிணற்றின் ஒரு பக்கச் சுவர் உள்ளே சரிந்துவிட்டது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். கேட்டால், 'வேலை முடிந்ததும் பூசித் தருகிறோம்' என்கிறார்கள். கிணற்றைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நாங்கள் இழப்பீடு கேட்க முடியுமா?'

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆவடி.

முடியும். ஆனால், எதற்குக் கேட்கலாம், எதற்குக் கேட்டால் நிற்காது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

சென்னையின் மேற்குப் பக்கத்தில் இந்தப் பிரச்னை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லியைச் சுற்றிலும் வயல் மனையாகி, மனை மாடிக் கட்டடமாகிவிட்டது. இடையிடையே இன்னும் உழுதுகொண்டிருப்பவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

இதற்கான சட்டம் புதிதல்ல. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (வக்கீல்கள் 'ஈஸ்மென்ட் ஆக்ட்' என்பார்கள்) தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்திய சட்டம். அதன் 7-ம் பிரிவு, ஒருவரின் நிலம் அதன் இயல்பான நிலையில் நிற்பதற்குப் பக்கத்து நிலத்து மண் தரும் தாங்கலை, நில உரிமையாளரின் இயற்கையான உரிமை என்கிறது. எளிமையாகச் சொன்னால், தன் நிலத்தில் பள்ளம் தோண்ட அவருக்கு உரிமை உண்டு. உங்கள் மண் சரியும்படி தோண்ட உரிமை இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'இயல்பான நிலை' என்றால், தோண்டப்படாத, மேலே கட்டுமானச் சுமை ஏறாத நிலம். உங்கள் நிலத்தில் கிணறும் கொட்டகையும் இருக்கின்றனவே? அதற்கும் வழி உண்டு. 15-ம் பிரிவின்படி, அந்தத் தாங்கலைத் தடையில்லாமல் 20 ஆண்டுகள் உரிமையோடு அனுபவித்து வந்திருந்தால், கட்டுமானத்துக்கான தாங்கலும் உங்கள் உரிமையாகிவிடும். அதனால் கிணறும் கொட்டகையும் எந்த ஆண்டில் அமைந்தவை என்று காட்டும் ஆவணங்களைத் தேடி எடுங்கள். கிணறு குறிப்பிடப்பட்ட பழைய அடங்கல், மின் இணைப்பு வாங்கிய ரசீது, பத்திரத்தில் 'கிணறு உள்பட' என்று எழுதியிருக்கும் வரி ஆகியவை பொன்போன்ற சாட்சியங்கள். கொட்டகை 20 ஆண்டுகளுக்கு உட்பட்டது என்றாலும் வழக்கு செத்துவிடாது. மண் சரியாமல் தடுப்புக் கட்டவில்லை, மழைக்காலத்தில் பள்ளத்தைத் திறந்தே போட்டார்கள் என்று கவனக்குறைவை நிரூபித்தால் இழப்பீடு கேட்கலாம்.

அடுத்தது, பலருக்கும் பிடிக்காத செய்தி. பள்ளத்தில் ஊறும் நீரை அவர்கள் இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்ததால் நம் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று மட்டும் வழக்குப் போட்டால், வெல்வது கடினம். அதே 7-ம் பிரிவு, தனி வாய்க்காலாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உரிமை தருகிறது. விவசாயிக்கு இது நியாயமாகத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. ஆனாலும், இன்றைக்கு அந்தச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எனவே மனுவில் 'தண்ணீர் வற்றியது' என்பதை முதல் வரியாக வைக்காதீர்கள். 'சுவர் சரிந்தது, மண் இடிந்தது, கொட்டகை பிளந்தது' என்பதே முதல் வரியாக இருக்கட்டும்.

கட்டடக்காரர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், 'எங்கள் தப்பு இல்லை, மழை அதிகம்' என்பது. இந்த வாதத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. திருத்தணிக்கு வடக்கே இருக்கும் கார்வேட்டிநகரம் ஜமீனில் கனமழைக்கு ஏரிகள் உடைந்து, ரயில்பாதை சேதமானது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, ஜமீன்தாரிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1868-ல், இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. ஒருவர் தன் நிலத்தில் தேக்கிய நீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்ததற்கு, அவர் மேல் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு என்று சொன்ன தீர்ப்பு அது. ரயில்வே அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால், 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில், ஜமீன்தார் பக்கம் நின்றது. ஏரிகள் தொன்றுதொட்டு வரும் பாசன அமைப்பின் அங்கம். மக்களின் நன்மைக்காக அவற்றைப் பராமரிப்பது அவருடைய கடமை. கவனக்குறைவு இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

ரயில்வே தோற்ற வழக்கை ஏன் சொல்கிறேன்? ஜமீன்தாரைக் காப்பாற்றியது மழை அல்ல. ஊருக்கே பயன்படும் ஏரி என்பதும், பராமரிப்பில் குறை இல்லை என்பதும்தான். லாபத்துக்காக அடுக்குமாடி கட்டுபவர், அந்த ஏரியோடு தன் பள்ளத்தை ஒப்பிட முடியாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் என்பது பள்ளம் எடுப்பவருக்குத் தெரியாத ரகசியமும் அல்ல.

பக்கத்துக் கட்டடத்தை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. 2014 ஜூன் 28 அன்று மாலை, மழையின்போது, மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பக்கத்தில் இருந்த இரட்டைக் கட்டடமும் ஆபத்தானது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இடையில் போன காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். மௌலிவாக்கம் விபத்து நடந்து எட்டே நாளில், செங்குன்றம் அருகே உப்பரபாளையத்தில் ஒரு கிடங்கின் சுவர் குடிசைகள் மேல் விழுந்து 11 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் விழுந்து 17 உயிர்கள் போயின. அங்கே அரசு தந்தது நிவாரணம். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் அரசின் கஜானாவிலிருந்து வருகிறது. இழப்பீடு, சேதத்துக்குக் காரணமானவர் தர வேண்டியது. முதலாவதை வாங்கியதாலேயே இரண்டாவதைக் கேட்கும் உரிமை போய்விடாது.

நம் வாசகர் விஷயத்துக்கு வருவோம். சரிந்த கிணற்றுப் பக்கம் ஆளும் மாடும் போகாமல் முதலில் வேலி கட்டுங்கள். விரிசல் விட்ட கொட்டகையில் மாட்டைக் கட்ட வேண்டாம். அந்தச் சுவரோ, பள்ளத்தை ஒட்டி நிற்கும் எதுவோ விழுந்து ஆளுக்கு ஆபத்து வரும் நிலை என்றால், கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152-ம் பிரிவாக இருக்கிறது. விழக்கூடிய கட்டடம், விழக்கூடிய மரம், வேலியில்லாத பள்ளம் எல்லாம் அதில் அடங்கும்.

அடுத்து, பூசுவதற்கு முன் பதிவு செய்யுங்கள். இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கட்டடக்காரர் இரண்டு கொத்தனாரை அனுப்பி விரிசலை மூடிவிட்டால், சாட்சியமும் அதோடு மூடிவிடும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சேதம் தொடர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். செல்போனில் எடுத்த படத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும். எனவே, படம் எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து, சேதத்தின் காரணத்தையும் சரிசெய்யும் செலவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கிணற்றுக்கான செலவைக் கொட்டகையோடு சேர்க்காமல் தனியே போடச் சொல்லுங்கள். மோட்டார் உள்ளே விழுந்திருந்தால் அதையும், தண்ணீர் பாய்ச்ச முடியாமல் காய்ந்த கீரைக்கும் மல்லிகைக்கும் விற்பனைச் சீட்டை வைத்து ஆன நஷ்டத்தையும் சேர்க்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபட நகலைக் கேளுங்கள். அனுமதியில் இல்லாத அடித்தளத்தைத் தோண்டியிருந்தால் உங்கள் கை ஓங்கும். மாநகராட்சிக்கும் சி.எம்.டி.ஏ-வுக்கும் புகார் எழுதலாம். விதிமீறல் இருந்தால் வேலையை நிறுத்த அவர்களால் முடியும். பணம் வாங்கித் தர முடியாது. நுகர்வோர் நீதிமன்றமும் இதற்கு உதவாது. அங்கே வீடு வாங்குபவர் நுகர்வோர், நீங்கள் அல்ல.

பணத்துக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். முதலில் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு வக்கீல் நோட்டீஸ். நில உரிமையாளர், கட்டும் நிறுவனம், பள்ளம் எடுத்த கான்ட்ராக்டர் மூவரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஒருவரை விட்டால், மற்ற இருவரும் அவரைக் கை காட்டுவார்கள். வழக்குக்கு மூன்று ஆண்டு காலக்கெடு. பள்ளம் தோண்டிய நாளை வைத்து இதைக் கணக்கிடுவதில்லை. 34-ம் பிரிவின்படி, தாங்கலை அகற்றியதால் கணிசமான சேதம் உண்மையில் ஏற்பட்ட பிறகே இழப்பீட்டு உரிமை எழுகிறது. 'வேலை முடிந்ததும்' என்று இழுத்தடித்தே மூன்று ஆண்டைக் கடத்திவிடுவார்கள், கவனம். வழக்குப் போட்ட உடனே, வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரக் கேட்டு மனுச் செய்யுங்கள். தடுப்புச் சுவர் கட்டும்வரை மேற்கொண்டு தோண்டத் தடை கேட்கவும் வழி இருக்கிறது.

வழக்கு பல ஆண்டு இழுக்கும் என்பது உண்மை. கேட்கும் தொகையில் 3 சதவிகிதம் நீதிமன்றக் கட்டணமும் உண்டு. அதனால், முதலில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே சமரசமாகி மக்கள் நீதிமன்றத்தில் உத்தரவானால், அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நிலம் அம்மா பெயரிலோ, மனைவி பெயரிலோ இருந்தால் இன்னொரு வசதி. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

கட்டடக்காரர் பணத்தோடு வந்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் அவர் நீட்டும் தாளில், 'சகல பாத்தியதைகளும் தீர்ந்தன' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டகைக்கு வாங்கிய தொகை என்றால், கொட்டகைக்கு என்று மட்டுமே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கிணற்றுக்கான கணக்கு தனியே நிற்கட்டும்.