லாரியின் பின் அச்சு: ஓசையால் நோய் அறிதல்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தேருக்குப் பொருந்திய இவ்வுண்மை, இன்று பல டன் சரக்கைச் சுமந்து மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் லாரிக்கும் அப்படியே பொருந்துகிறது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து புறப்பட்ட லாரிகளை வடநாட்டு நெடுஞ்சாலைகளில் காண்பது அரிதன்று. மும்பை, நாகபுரி, தில்லி முதலிய நகரங்களில் குடியேறி லாரித் தொழிலை மேற்கொண்ட தமிழரும் உளர். சொந்த ஊரில் வண்டி நின்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஓடி வருவார். நோயைச் சொல்லவும் மொழி தடையாவதில்லை. தொலைதூரத்தில், அறியாத ஊரின் டிரான்ஸ்போர்ட் நகரில் வண்டி நின்றுவிட்டால் நிலைமை வேறு. எந்த உறுப்பில் கோளாறு என்று நாமே ஓரளவு அறிந்திருந்தால் அன்றி, சிறிய கிராஸ் ஒன்றை மாற்றுவதற்குப் பதிலாக ஹவுசிங் முழுவதையும் பிரித்துப் போட நேரலாம். பணமும் நாட்களும் வீணாவதோடு, உண்மையான கோளாறு எஞ்சியும் இருக்கலாம்.

எஞ்சின் கண்ணெதிரே இருப்பதால் எல்லோரும் அதைக் கவனிக்கின்றனர். ஆனால் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் உறுப்புகள் வண்டியின் அடியில், புழுதியிலும் சேற்றிலும் மறைந்து கிடக்கின்றன. அவை தம் நோயைப் பெரும்பாலும் ஓசையாலும் நடுக்கத்தாலுமே வெளியிடுகின்றன. அந்த ஓசைகளின் பொருளை அறிவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் உறுப்புகளின் அமைப்பைக் காண்போம். கியர் பாக்ஸிலிருந்து பின்னோக்கிச் செல்லும் நீண்ட குழாய்த் தண்டே புரொபெல்லர் ஷாஃப்ட் ஆகும். வண்டி நீளமாக இருந்தால் இது இரண்டு அல்லது மூன்று துண்டுகளாக அமையும். துண்டுகள் சேருமிடத்தை, சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் ரப்பர் மெத்தையோடு பொருத்திய சென்டர் பேரிங் தாங்கி நிற்கும். பாரத்தினாலும் சாலையின் மேடுபள்ளத்தினாலும் பின் அச்சு ஓயாது ஏறி இறங்குவதால், ஷாஃப்ட் வளைந்து கொடுக்க வேண்டியுள்ளது. இதற்கு உதவுவதே சிலுவை வடிவான கிராஸ். நீளம் கூடிக் குறைய இடந்தருவது ஷாஃப்டிலுள்ள வரிப்பல் இணைப்பு.

ஷாஃப்டின் பின்முனை, ஹவுசிங்கினுள் இருக்கும் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியன் கிரவுன் என்ற பெரும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்த டிஃபரென்ஷியல், வளைவுகளில் வெளிப்புறச் சக்கரம் அதிக தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வழி செய்கிறது. அதிலிருந்து இடமும் வலமும் செல்லும் ஆக்ஸில் ஷாஃப்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. கனரக லாரிகளில் ஆக்ஸில் ஷாஃப்ட் பாரத்தைச் சுமப்பதில்லை. சுழற்றும் வேலை ஒன்றே அதனுடையது. பாரத்தைத் தாங்குவன ஹப்பிலுள்ள பேரிங்குகள். இந்த வேற்றுமையை நினைவிற் கொள்வது பின்னால் பயன்படும்.

நோய் அறிவதற்கு ஒரு சிறு கணக்கு பெருந்துணையாகும். சாதாரண லாரிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 1,000 மீட்டர் ஓடுகிறது. ஆகவே சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை சுழலும். கிரவுன்–பினியன் விகிதம் ஆறுக்கு ஒன்று என்று கொண்டால், ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,800 முறை, விநாடிக்கு 30 முறை சுழலும். இதனால் விளங்குவது யாது? எண்ணிவிடக்கூடிய மெதுவான ஆட்டம் சக்கரத்தையோ டயரையோ சார்ந்தது. எண்ண முடியாத விரைவான நடுக்கம் ஷாஃப்டைச் சார்ந்தது.

இனி ஒவ்வோர் அடையாளமாக ஆராய்வோம்.

வண்டி புறப்படும்போதும், ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் ‘டக்’ என்ற அடி கேட்கிறதா? எங்கோ ஓர் இணைப்பில் இடைவெளி விழுந்திருக்கிறது என்பது பொருள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே அடியில் செல்ல வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து ஷாஃப்டைக் கையால் இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கிராஸுக்கும் அதைப் பற்றியிருக்கும் கவைக்கும் இடையே சிறிதளவு ஆட்டம் தென்பட்டாலும் அந்தக் கிராஸ் தேய்ந்துவிட்டது. கிராஸின் மூடியைச் சுற்றிச் செந்துருப் பொடி படிந்திருந்தால், கிரீஸ் வற்றி உள்ளிருக்கும் ஊசி உருளைகள் அரைபடுகின்றன. மெதுவாகச் செல்லுகையில் குருவி கத்துவது போன்ற ‘கீச்’ ஒலி தாளந்தவறாது கேட்பதும் அதே நோயின் தொடக்கம். கிராஸ் உறுதியாக இருந்து, ஷாஃப்ட் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து அளவுக்கு மிஞ்சித் திரும்பினால், தேய்மானம் ஹவுசிங்கினுள் இருக்கிறது. அம்முடிவுக்கு வருமுன் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும், அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் முறுக்கிப் பார்ப்பது அறிவுடைமை. தளர்ந்த போல்ட்டும் இதே ஓசையைத் தரும்.

கிராஸின் ஆட்டத்தை அற்பமென்று எண்ணலாகாது. ஓடும் வேகத்தில் ஷாஃப்டின் முன்முனை கழன்று விழுந்தால், அது சாலையில் குத்தி நின்று வண்டியையே தூக்கியடிக்கும். ஷாஃப்டின் கீழே இரும்பு வளையம் பொருத்துவது இதைத் தடுக்கவே. அந்த வளையம் இடிக்கிறதென்று கழற்றி எறிவது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது நடுக்கம். குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் தோன்றினால், நேரான, ஆளரவமற்ற, சமமான சாலையில் அதே வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒன்று குறைத்தோ கூட்டியோ பார்க்க வேண்டும். எஞ்சினின் சுழற்சி மாறியும் நடுக்கம் மாறாவிட்டால், குற்றம் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. நடுக்கம் மாறிவிட்டால் எஞ்சின், கிளட்ச் ஆகியவற்றை ஐயுறலாம். ஷாஃப்டில் ஒட்டிய தாரும் சேறும், கல்லடி பட்ட ஒடுக்கு, கழன்று விழுந்த சமன் எடைத் தகடு, கிழிந்துபோன சென்டர் பேரிங் ரப்பர் ஆகியவை பொதுவான காரணங்கள். பாரத்தோடு புறப்படும் கணத்தில் மட்டும் வண்டியின் தரை உதறினால், சென்டர் பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும்.

பழுது பார்த்த பிறகே நடுக்கம் புதிதாகத் தோன்றியதாயின், ஷாஃப்டை மாற்றிப் பூட்டியிருக்கக்கூடும். கிராஸ் சாய்வாகச் சுழலும்போது, அது செலுத்தும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் நேர்க்கோட்டில் இருந்தால்தான் முன்கிராஸ் செய்யும் குறையைப் பின்கிராஸ் ஈடுசெய்யும். வரிப்பல் ஒன்றிரண்டு தள்ளிப் பூட்டினால் இந்த ஈடு கெட்டு, புதிய கிராஸும் விரைவில் கெடும். ஆதலால் கழற்றுமுன் இரு பகுதிகளிலும் சுண்ணாம்பாலோ உளியாலோ அடையாளக் கோடு இடச் செய்வது உரிமையாளரின் கடமை.

மூன்றாவது, ஹவுசிங்கிலிருந்து எழும் இரைச்சல். சாலையின் மேற்பரப்பு மாறும்போது இரைச்சலும் மாறினால் அது டயரின் ஒலி. ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டால், கிரவுன்–பினியன் பற்களின் ஒரு முகம் கெட்டிருக்கலாம்; மலைப்பாதையில் கியரில் இறங்கும்போது மட்டும் ஊளையிட்டால் மறுமுகத்தையோ, தளர்ந்த பினியன் பேரிங்கையோ ஐயுறலாம். எந்நிலையிலும் ஓயாத உறுமல் பேரிங்குகளைக் காட்டும். நேரே செல்லுகையில் அமைதியாக இருந்து, திரும்பும்போது மட்டும் நறநறவென்றால், டிஃபரென்ஷியலின் உட்பற்சக்கரங்கள் பழுதுற்றிருக்கலாம். சேற்றில் சிக்கிய வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் வெகுநேரம் வெறுமனே சுழல விடுவதால் அவை எரிந்து தேய்கின்றன. சக்கரத்தின் கீழே கல்லும் கிளையும் இட்டு ஏற்றுவதே முறை.

ஓய்வுக்காக நிறுத்தும்போது, நான்கு ஹப்புகளையும் புறங்கையால் அணுகிச் சூட்டை ஒப்பிடும் வழக்கம் நன்று. ஒரு ஹப்பு மட்டும் மற்றவற்றினும் மிகச் சுட்டால் பேரிங்கில் குற்றம். டிரம் கொதித்து ஹப்பின் நடுப்பகுதி ஆறியிருந்தால், பிரேக் பிடித்து நிற்கிறது.

நான்காவது, எண்ணெய்க் கசிவு. ஆயில் சீலை மாற்றுமுன் ஹவுசிங்கின் மேலுள்ள சிறு மூச்சுத் துளையைப் பார்க்க வேண்டும். அது சேற்றால் அடைபட்டால், சூடேறி விரிந்த காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீலின் வழியே பிதுக்கும். எத்தனை சீல் மாற்றினும் கசிவு நில்லாது. ஹப்பின் வழியே கசியும் எண்ணெய் பிரேக் லைனிங்கை நனைத்தால், இறக்கத்தில் அந்தச் சக்கரம் பிடிக்காது. ஆதலால் டயரின் உட்புறத்தில் எண்ணெய்க் கோடு கண்டால் அன்றே கவனிக்க வேண்டும். எண்ணெயின் நிறமும் பேசும். காந்தம் பொருத்திய மூடியில் நுண்பொடி படிவது இயல்பு. செதில்களும் துண்டுகளும் வந்தால் பற்களோ பேரிங்கோ சிதைகின்றன. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. சூடான ஹவுசிங் வெள்ளத்தில் மூழ்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளத்தைக் கடந்த வண்டிக்கு எண்ணெயைச் சோதிப்பது இதனாலேயே அவசியம்.

ஐந்தாவது, அச்சு விலகல். வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடுவதாகப் பின்னே வருவோர் கூறினால், பட்டையின் சென்டர் போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கலாம். பட்டையின் முன் பிராக்கெட்டிலிருந்து அச்சு வரை இருபுறமும் கயிற்றால் அளந்தால் உண்மை வெளிப்படும். வடநாட்டுப் பட்டறைகளில் பட்டையைக் ‘கமானி’ என்பர். மெக்கானிக்கை ‘மிஸ்திரி’ என்பர். கிராஸ், கிரவுன், பேரிங் முதலிய சொற்கள் எங்கும் ஒன்றே.

இறுதியாக, எஞ்சின் ஓடுகிறது, கியரும் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்ற நிலை. அடியில் புகாமல், பக்கத்தில் விலகி நின்று பார்க்க, ஷாஃப்ட் சுழலாவிட்டால் குற்றம் கிளட்சிலோ கியர் பாக்ஸிலோ உள்ளது. ஷாஃப்ட் சுழன்றும் சக்கரம் நின்றால், பெரும்பாலும் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்திருக்கும். பாரத்தை ஹப்பு தாங்குவதால் சக்கரம் கழலாது. ஆனால் கியரில் போட்டு நிறுத்தினாலும் சரிவில் வண்டி உருளும் என்பதை மறவாது, முதலில் கட்டை வைக்க வேண்டும். முறிந்த துண்டை ஹவுசிங்கினுள் விட்டுவிட்டுப் புதியதைச் செருகலாகாது. வண்டியைக் கட்டி இழுப்பதாயின், புரொபெல்லர் ஷாஃப்டையோ ஆக்ஸில் ஷாஃப்டுகளையோ கழற்றிவிடுவது அவசியம். எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் பாக்ஸின் உட்பகுதிக்கு எண்ணெய் எட்டாது. சில மைல் இழுப்பதிலேயே அது எரிந்துபோகும்.

இந்நோய்களில் பலவற்றுக்கு மூலம் மிகைபாரமே. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு நான்கு டயர் கொண்ட தனி அச்சின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எனினும் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் பதிவுச் சான்றிலுள்ள எடையே வரம்பு. சட்டம் மாறியதால் பழைய இரும்பு வலுப்பெற்றுவிடாது. பாரத்தோடு கிளட்சைத் திடீரென்று விடுவது, கிரீஸ் பம்பை மறப்பது, எண்ணெய் அளவைப் பாராதிருப்பது ஆகியவை எஞ்சிய காரணங்கள்.

ஆகவே புறப்படுமுன் கால் மணி நேரம் செலவிட்டு, கிராஸ், சென்டர் பேரிங், யூ போல்ட், கசிவு ஆகிய நான்கையும் பார்த்துவிடுவதை ஒரு விரதமாகக் கொள்ளலாம். ஓட்டுநர் தாம் கேட்ட ஓசை எப்போது, எந்த வேகத்தில், இழுக்கும்போதா விடும்போதா, நேரிலா வளைவிலா என்பதைக் குறித்து வைத்தால், எந்த மாநிலத்து மிஸ்திரியும் பாதி வேலையை முடித்தவராவார். அருகில் அமர்ந்துவரும் கிளீனருக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுப்பது நன்று. நாளை ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போகிறவர் அவரே.