அழுகையும் அசைவும்

2010 இல் தரம் 9 மாணவருக்கு 'என்னால் மறக்கமுடியாத நாள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். வன்னியிலிருந்து முகாம் வழியாக வந்துசேர்ந்த மாணவன் இரண்டு வரி எழுதினான். கை நடுங்கிற்று, எழுந்து வெளியே போய்விட்டான். சொன்னால் ஆறும் என்றே நான் எண்ணியிருந்தேன். எப்போது சொல்வது என்று எண்ணவில்லை.

அந்த 'எப்போது' பற்றிப் பின்னர் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் மெரிலின் குளொய்ட்ரேயும் சக ஆய்வாளரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு அது. சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளாகி, பேரதிர்ச்சிக்குப் பின்னான நெருக்கீட்டு நோயால் வருந்திய பெண்களுக்கு 16 அமர்வுகள். முதல் எட்டிலும் பழைய நிகழ்வை விரித்துச் சொல்லும்படி கேட்பதில்லை. எழும் உணர்ச்சிக்குப் பெயரிடவும், அதை அடக்காமல் தாங்கவும் பழக்குகிறார்கள். கதை பின் எட்டில்தான் வருகிறது. இம்முற்பயிற்சி எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

எனக்கோ தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. (தமிழாசிரியனுக்கு வேறென்ன வரும்!) செய்யுளுக்கென்றே அவர் வகுத்தது, ஆயினும் அழுகை ஒன்றையே இளிவு, இழவு, அசைவு, வறுமை எனக் காரணத்தால் பிரித்துக் காட்டுகிறார். முன்னைய நிலை கெட்டு வருந்துவதையே பேராசிரியர் உரை அசைவு என்கிறது.

மறு தவணையில் இந்நான்கையும் விளக்கி, "ஒன்றுக்கு உதாரணம் எழுதுங்கள், சொந்தக் கதை வேண்டாம்" என்றேன். அவன் அசைவைத் தெரிந்தெடுத்தான். கொட்டிலிழந்த மாடு ஒன்றைப்பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான்.