பனியில் வழுக்கினாலும் பிழை உங்களுடையதே

ஸ்காபரோவில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருக்கும் காரின் பின்புறத்தில் உங்கள் கார் வழுக்கிப்போய் இடித்துவிடுகிறது. வேகம் அதிகம் இல்லை. பிறேக்கையும் மிதித்தீர்கள். வீதி கண்ணாடிபோல் உறைந்து கிடந்தது. இதையெல்லாம் காப்புறுதி நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லலாம். ஆனாலும் பிழை நூறு வீதமும் உங்கள் தலையில்தான் விழும். ஒன்ராறியோவில் விபத்துப் பிழையைப் பங்கிடுவதற்கென்றே 668ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. காலநிலை, வீதியின் நிலை எதையும் கணக்கில் எடுக்காமலே பிழையைத் தீர்மானிக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பின்னால் வந்து இடித்தவர்தான் பொறுப்பு. அடுத்த சில வருடங்களுக்கு ஏறிய காப்புறுதிக் கட்டணத்தைக் கட்டுபவரும் அவர்தான்.

இதே ஒன்ராறியோ வின்ரர் ரயரைக் கட்டாயமாக்கவில்லை. சட்டம் கேட்காததை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று நம்மவர்களில் பலர் இருந்துவிடுவதற்கு அதுதான் காரணம். பக்கத்து மாகாணத்தில் கதை வேறு. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். வாடகைக்கு விடும் கார்களுக்கும் இது பொருந்தும். ஒன்ராறியோ இலக்கத்தகட்டோடு மொன்றியலுக்குக் கல்யாணவீட்டுக்குப் போகிறவரை அந்தச் சட்டம் பிடிக்காது, ஆனால் வீதி அங்கேயும் அதே வீதிதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகளுக்கு விதி: ஒக்ரோபர் 1 தொடங்கி, பெரும்பாலான பாதைகளில் ஏப்ரல் 30 வரை, குறைந்தது 3.5 மில்லிமீற்றர் பள்ளம் உள்ள வின்ரர் ரயர் இருக்க வேண்டும். வன்கூவரில் இருந்து கொக்கிஹாலா வழியாகப் போகிறவர்கள் கோடை முடிந்த கையோடு இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரில் ஏற்கனவே இருக்கும் ‘ஓல் சீசன்’ ரயர் எல்லாப் பருவத்துக்கும் ஆனதுதானே என்ற கேள்வி நியாயமானது. பெயர் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் இறப்பர் அப்படி நடந்துகொள்வதில்லை. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது ஓல் சீசன் ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும், பிடிப்பு குறையும். வின்ரர் ரயரின் இறப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி கலக்கப்படுகிறது. அதன் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அவற்றின் விளிம்புகள்தான் பனிக்கட்டியைக் கவ்வுகின்றன. ஆகவே பனி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காலையும் மாலையும் 7 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் மாற்றிவிடலாம். முதல் பனி கொட்டிய மறுநாள் கராஜுக்குத் தொலைபேசி எடுத்தால் இரண்டு வாரம் தள்ளித்தான் இடம் கிடைக்கும். இரவில் ஊபர் ஓட்டுகிறவர்களுக்கும் அதிகாலை தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கும் அந்த இரண்டு வாரம் மிக நீண்டது. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும் வேளையில் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். கழித்தல் இருபதில் இருப்பதைவிட அப்போதுதான் வீதி மோசமாக வழுக்கும்.

வாங்கும்போது விற்பவரின் வாயைப் பார்க்காமல் ரயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். மூன்று சிகரம் கொண்ட ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ: இந்தக் குறி இருக்க வேண்டும். இறுகிய பனியில் இழுத்துக்கொண்டு போகும் திறனைச் சோதித்து, ஒப்பீட்டுக்கு வைத்த ரயரைவிடக் குறிப்பிட்ட அளவு மேலாக இருந்தால்தான் இந்தக் குறியைப் போடலாம். வெறும் ‘எம்+எஸ்’ என்ற எழுத்து அப்படியானது அல்ல. அது பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துப் போடுவது, அதற்குப் பின்னால் பனிச்சோதனை எதுவும் இல்லை. பல ஓல் சீசன் ரயர்களிலும் அந்த எழுத்து இருக்கும். மலைக்குறியும் அடித்தள அளவுகோல்தான். பனிக்கட்டியில் பிறேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அந்தச் சோதனை அளப்பதில்லை. ‘ஓல் வெதர்’ என்று ஒரு வகை விற்கிறார்கள். அதில் மலைக்குறி உண்டு, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம், கியூபெக் சட்டத்துக்கும் அது போதும். நகரத்துக்குள் மட்டும் கொஞ்சமாக ஓடுகிறவருக்கு அது பரவாயில்லை. தினமும் 401 நெடுஞ்சாலையில் போய்வருகிறவருக்கு முழு வின்ரர் ரயர்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே பக்கச்சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் நீண்ட வரிசையைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கம் 3523 என்றால் ரயர் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வெளிப்பக்கத்தில் அந்த நான்கு இலக்கம் இல்லாவிட்டால் உட்பக்கத்தில் இருக்கும். பாவித்த ரயர் வாங்கும்போது இதைப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது. ஆறேழு வருடம் கடந்த வின்ரர் ரயர், பள்ளம் ஆழமாக இருந்தாலும், இறப்பர் இறுகிப்போனதாக இருக்கலாம். நான் வாங்கமாட்டேன். பள்ளத்தின் ஆழத்தை அளக்கச் சில டொலருக்கு அளவுகோல் கிடைக்கும். ஒன்ராறியோவில் சட்டம் கேட்பது வெறும் 1.5 மில்லிமீற்றர். ஆனால் வின்ரர் ரயரின் பள்ளம் 4 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்ததும் பனியில் ஓட அதை நம்பாதீர்கள் என்பதே ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் அறிவுரை. “சேஃப்ரிக்குப் பாஸ் பண்ணும் அண்ணை” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் பனியில் கார் நின்றுவிடாது.

அடுத்தது, நம்மிடையே அதிகம் நடக்கும் ஆபத்து: காசை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு வின்ரர், பின்னால் பழைய ஓல் சீசன். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே என்று காரணமும் சொல்வார்கள். இரண்டு ரயர் மட்டும் போட்ட அந்தக் காரை நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் நினைத்துப் பாருங்கள். வளைவின் நடுவில் வேகம் கூடிப்போனது தெரிந்து ஓட்டுநர் பிறேக்கைத் தொடுகிறார். பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன்சக்கரங்கள் வீதியை இறுக்கிப் பிடிக்கின்றன, பாரம் குறைந்த பின்சக்கரங்களுக்குப் பிடிப்பே இல்லை. வால்பக்கம் வெளியே வீசுகிறது. ஸ்ரியறிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பதற்குள் கார் எதிர்த்திசையைப் பார்த்து நிற்கும். நான்கும் ஓல் சீசனாக இருந்திருந்தால்கூடக் கார் இப்படிச் சட்டென்று சுழன்றிருக்காது. ஆகவே நான்கையும் மாற்றுங்கள், ஒரே வகையாக மாற்றுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். அந்த வசதி புறப்படத்தான் உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் ரயர்தான் துணை.

செலவு பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வின்ரர் ரயர் ஓடும் மாதங்களில் மற்ற ரயர் தேயாமல் கிடக்கிறது, இரண்டும் கூடுதல் காலம் வரும். தனி இரும்பு றிம்மில் பூட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் கழற்றிப் போடும் கூலியும் குறையும்.

காப்புறுதியிலும் உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவின் வாகனக் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது தானாக வந்து சேராது, நீங்கள்தான் கேட்க வேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கழிவை வாங்கிக்கொண்டு ரயர் போடாமல் ஓடுவது மட்டும் வேண்டாம். விபத்து நடந்தால் பொய்த்தகவல் கொடுத்த பிரச்சினையும் சேர்ந்து வரும்.

கராஜில் விலை பேசும்போது மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக வாகன வேலைக்கு அறவிட முடியாது. செய்த வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. அது பற்றுச்சீட்டில் எழுதாவிட்டாலும் இருக்கிறது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவதாக அவர்கள்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டில் சுற்றுச்சூழல் கட்டணம் என்று ஒரு வரி வரலாம். அது அரசாங்க வரி அல்ல, அப்படிச் சொல்லி வாங்கினால் கேள்வி கேளுங்கள். கையில் காசு, பற்றுச்சீட்டு இல்லை என்று பேசி முடித்தவர் இந்த உரிமைகளை நிரூபிக்கத் திண்டாடுவார்.

பிரச்சினை வந்தால் முதலில் கராஜுக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சரிவராவிட்டால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம். வழக்கைப் பொதுவாக இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

சக்கரம் மாற்றிய பின் 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கராஜ்கள் இதற்குக் காசு கேட்பதில்லை. வெப்பநிலை 5 பாகை இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும், அதனால் மாதம் ஒருமுறை பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்ரிக்கரில் இருக்கிறது. குழியில் விழாமலே பக்கச்சுவர் வீங்கினாலோ இறப்பர் பிரிந்து வந்தாலோ அது ரயரின் உற்பத்திப் பிழையாக இருக்கலாம். அதை ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் குறைபாட்டு விசாரணைப் பிரிவுக்கு யாரும் அறிவிக்கலாம். டி.ஓ.ரி. இலக்கம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ரயரைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்.