நின்றாலும் புகை, பறந்தாலும் புகை

ஒரு வண்டி எவ்வளவு மாசு கக்கும் என்று கேட்டால், எந்த வேகத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். எஞ்சினை அணைக்காமல் சிக்னலில் நிற்கும் கார் ஓரடிகூட நகர்வதில்லை. பெட்ரோல் மட்டும் எரிகிறது. நெரிசலில் நின்று நின்று கிளம்பும்போது ஒரு கிலோமீட்டருக்கான புகை எகிறிவிடும். மணிக்கு 50 முதல் 80 கிலோமீட்டரில் சீராகப் போனால் பெரும்பாலான கார்களுக்கு அது மிகக் குறைவு. அதற்கு மேல் காற்று மறிக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு.

இது எல்லா வண்டிக்கும் ஒன்றுபோல் இல்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவில் புதுக் கலவை உள்ளே வரும் நேரத்திலேயே புகை வெளியேறும் வாயும் திறந்திருக்கும். பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே, அதில் கலந்த ஆயிலோடு நழுவிவிடும். பின்னால் வந்தவர் கண்ணை எரித்த நீலப் புகை அதுதான்.

டீசல் வண்டியின் சிக்கல் வேறு. எரியறையின் கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிறது. பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதிப்படி தயாரான லாரிகளிலும் பஸ்களிலும் இதை முறிக்க யூரியா கரைசலைப் புகையில் பீய்ச்சுகிறார்கள். ஆனால் புகைக்குழாய் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸாவது சூடேறினால்தான் அது வேலை செய்யும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஊர்ந்து போகும் டவுன் பஸ்ஸில் அந்தச் சூடு எளிதில் நிலைக்காது. கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டிக்கும் இதே கதி: சேர்ந்த கரியை எரித்துத் தள்ள சுமார் 600 டிகிரி வேண்டும். நகருக்குள்ளேயே ஓடும் டீசல் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வது இதற்காகத்தான். நல்ல கருவி பொருத்திய வண்டியும், மக்கள் நெருங்கி வாழும் தெருக்களில்தான் அதன் பலனை இழக்கிறது என்பது எனக்குப் பெரும் கவலை.

நம் புகைப் பரிசோதனையோ நிற்கும் வண்டிக்கு நடப்பது. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள். டீசல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்து, புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கணக்கிலேயே வருவதில்லை. 2023 ஏப்ரல் முதல் புது மாடல் கார்களைச் சாலையில் ஓட்டியே அளக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கும் வழி உண்டு. சாலையின் குறுக்கே அகச்சிவப்பு, புற ஊதா ஒளிக்கற்றைகளைப் பாய்ச்சினால், கடந்து செல்லும் வண்டியின் புகை அந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதிலிருந்தே மாசைக் கணக்கிடலாம். வண்டியை நிறுத்தத் தேவையில்லை. வேகமும் நம்பர் பிளேட்டும் கூடவே பதிவாகிவிடும்.