பச்சையாகத் தெரிந்தால் காடு மீண்டுவிட்டதா?

தைப்பிங்கிலிருந்து கோலா செபெத்தாங் போயிருக்கிறீர்களா? அங்குள்ள கரிச்சூளைகளுக்கு மரம் தருவது மாத்தாங் சதுப்புநிலக் காடு. 40,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட இக்காட்டில் நூறாண்டுக்கும் மேலாகத் திட்டமிட்டு மரம் வெட்டுகிறார்கள். ஓரிடத்தில் வெட்டினால், அங்கே அடுத்த வெட்டு 30 ஆண்டுகளுக்குப் பிறகுதான். இடையில் காடு மீள வேண்டும். அது மீள்கிறது என்பதை எப்படி அறிவது?

ஒரு வழி, விண்ணிலிருந்து பார்ப்பது. நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். லேண்ட்சாட் துணைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை வந்து இரண்டையும் அளக்கிறது. வேறுபாடு கூடினால் இலை அடர்த்தி என்று பொருள். நம் நாட்டு மேகங்கள்தாம் தொல்லை. மேகத்தை ஊடுருவும் ரேடார் துணைக்கோள்கள் அங்கே கைகொடுக்கின்றன.

ஆனால் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர் சதுரம். அந்தப் பச்சை பாக்காவ் மரமா, பியாய் பெரணியா? வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் பியாய் ஆளுயரத்துக்கு மண்டிவிடும். அதனடியில் பாக்காவ் நாற்று தலையெடுப்பது கடினம். மேலே பச்சை, கீழே நாற்றே இல்லை! இதைக் கவனிக்காமல் விட்டால், 30 ஆண்டு கழித்து வெட்ட மரம் இருக்காது. பியாயை அகற்றி நாற்று நடுவதை முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே செய்தாக வேண்டும்.

ஆகவே சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். குறிப்பிட்ட சதுரங்களை அடையாளமிட்டு, ஆண்டுதோறும் அதே இடத்தில் நாற்றுகளை எண்ணுவார்கள்; மரத்தின் சுற்றளவை அளப்பார்கள். பொதுவாக மரத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்போம். பாக்காவுக்கு அது சரிவராது. அந்த உயரத்தில் முட்டுவேர்கள் இருக்கும். மேல் வேருக்கும் 30 சென்டிமீட்டர் மேலே அளக்க வேண்டும். (என் மாணவன் ஒருவன் முட்டுவேரையே அளந்துவிட்டு, “டீச்சர், இந்த மரம் ரொம்ப ஒல்லி” என்றான்.)

நண்டு வளைகளையும் எண்ணுவதுண்டு. அவற்றின் வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் கடல்நீரும் போகின்றன. அதே நண்டு விழுந்த நாற்றைத் தின்பதும் உண்டு, அது வேறு கதை.

15ஆம் ஆண்டில் 1.2 மீட்டர் குச்சியோடு ஆட்கள் வருவார்கள். நல்ல மரம் ஒன்றை விட்டுவிட்டு, குச்சி எட்டும் தூரத்திலுள்ள மற்றவற்றை வெட்டுவார்கள். அப்படிக் களையும் அளவுக்கு மரங்கள் நெருங்கி நின்றால், அந்த இடம் மீண்டிருக்கிறது.

அடுத்த முறை அங்குள்ள மரப்பாலத்தில் நடக்கும்போது, நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மேலே உள்ள இலைகளை விட்டுவிட்டு, சேற்றில் எத்தனை நாற்றுகள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.